பாதிக் கதையில் எழுந்திருக்கச் சொல்லாதீர்கள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, வாரம் ஒரு நாள் ஒரு மனநல ஆலோசகரின் அறைக்கு வெளியே மர பெஞ்சில் உட்கார்ந்திருப்பது என் வேலையாக இருந்தது. சிகிச்சை எனக்கு இல்லை, என் தங்கை மகளுக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஸ்கூட்டரில் போகும்போது பின்னால் வந்த லாரி மோதி அவள் கணவர் அந்த இடத்திலேயே போய்விட்டார். இவளுக்கு இடது கை முறிந்தது. கை மூன்று மாதத்தில் கூடிவிட்டது. ஆனால் லாரி ஹாரன் கேட்டால் நின்ற இடத்தில் அப்படியே நின்றுவிடுவாள். இரவில் தூக்கம் இல்லை. ஒரு வருடம் கழித்தும் அந்தச் சாலை வழியாகப் பேருந்தில்கூடப் போகமாட்டேன் என்றாள். "நாள் போகப் போகச் சரியாயிடும்" என்று வீட்டில் எல்லோரும் சொன்னோம். நானும் சொன்னேன். (அவளிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். பேர் மட்டும் வேண்டாம் மாமா என்றாள்.)

ஆலோசகர் நல்ல மனிதர், அதைச் சொல்லிவிடுகிறேன். பொறுமையாகப் பேசுவார். ஒருவருக்கு 45 நிமிடம். சுவரில் ஒரு கடிகாரம். எனக்குப் பின் அடுத்தவர், அவருக்குப் பின் இன்னொருவர் என்று பெஞ்சில் எப்போதும் இரண்டு பேர் இருப்பார்கள்.

முதல் வாரம் அவள் வெளியே வந்தபோது, "என்ன பாப்பா, பேசினியா?" என்று கேட்டேன். "பெட்ரோல் பங்க் வரைக்கும் சொன்னேன் மாமா" என்றாள். விபத்துக்குக் கொஞ்சம் முன்னால் பெட்ரோல் போட நின்றிருக்கிறார்கள். அதற்கு அப்பால் சொல்ல நேரம் இல்லை. அடுத்த வாரம் போனோம். சென்ற வாரம் எப்படி இருந்தது, மாத்திரை சாப்பிட்டாயா, தூக்கம் வந்ததா என்று 15 நிமிடம். பிறகு மறுபடி காலையிலிருந்து தொடங்கி, இட்லி கட்டிக்கொண்டு கிளம்பியதைச் சொல்லி, வழியில் அவர் சொன்ன ஒரு கிண்டலைச் சொல்லி, பெட்ரோல் பங்குக்கு வந்து சேரும்போது மணி அடித்துவிட்டது. "இன்னைக்கும் பங்க்தான் மாமா" என்று சிரித்தாள். மூன்றாவது வாரம் பங்கைத் தாண்டினாள். லாரியின் ஹாரன் கேட்கிற இடத்துக்கு வந்தாள். "சரிம்மா, மீதியை அடுத்த வாரம் பார்ப்போம்."

வெளியே வந்து படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். வாந்தி எடுத்தாள். பேருந்தில் ஏற முடியாது என்று ஆட்டோ பிடித்து வீட்டுக்குக் கூட்டிப் போனேன். அன்று இரவு முழுவதும் விளக்கை அணைக்க விடவில்லையாம். நான்காவது வாரம் நான் போய் வாசலில் நின்றபோது, "வேணாம் மாமா. சொல்லாம இருந்தா பொறுத்துக்க முடியுது. பாதி சொல்லிட்டு வந்தா முடியல" என்றாள். அதற்குமேல் நான் வற்புறுத்தவில்லை.

இந்த ஒரு வார்த்தை என் மனதில் நின்றுவிட்டது. அதன் பிறகு இதைப் பற்றிக் கிடைத்ததை எல்லாம் படித்தேன். பென்ஷன்காரனுக்கு வேறு என்ன வேலை? நான் மருத்துவன் இல்லை, எல்.டி.சி.யாகச் சேர்ந்து யு.டி.சி.யாக ஓய்வு பெற்றவன். ஆனால் படித்த பிறகு எனக்கு ஒரு தீர்மானமான கருத்து உண்டாகிவிட்டது. பெரிய துயரத்தில் அடிபட்டவர்களை வாய்விட்டுச் சொல்ல வைத்துச் செய்கிற சிகிச்சைக்கு, மற்ற ஆலோசனைகளுக்குக் கொடுக்கிற நேரம் போதாது. நீண்ட அமர்வு வேண்டும். கொடுக்க முடியாதென்றால் கதையைத் தொடங்கவே வைக்கக் கூடாது.

நான் படித்தது பிரெஞ்சு மீடியத்தில். சிகிச்சைக்காக ஒரு முறை போய் உட்காருவதைப் பிரெஞ்சில் "செயான்ஸ்" என்பார்கள். உட்காருதல் என்கிற வினையிலிருந்து வந்த சொல். தமிழில் நாம் சொல்லும் "அமர்வு" என்பதும் அதேதான். ஆங்கிலத்தில் "செஷன்" என்பதற்கும் லத்தீனில் வேர் உட்காருவதுதான். மூன்று மொழியிலும் சொல் உட்காரச் சொல்கிறது, நடப்பு எழுந்திருக்கச் சொல்கிறது.

பிரெஞ்சு தெரிந்த பாவத்துக்கு இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பாரிஸில் லக்கான் என்று பேர்பெற்ற ஒரு மனப்பகுப்பாய்வு மருத்துவர் இருந்தார். அமர்வு இத்தனை நிமிடம் என்று வைத்துக்கொள்ளாமல், நினைத்த இடத்தில் சட்டென்று முடித்துவிடுவார். அதனால் 1953-ல் அங்கிருந்த சங்கத்திலேயே பெரிய சண்டை வந்தது. அவருடைய தத்துவம் எனக்கு எட்டவில்லை. ஆனால் அமர்வின் நீளம் என்பது மருத்துவர்கள் கட்சி பிரிந்து சண்டை போடுகிற அளவுக்கு முக்கியமான சங்கதி என்பது புரிந்தது.

சரி, இந்த 45 நிமிடம் எங்கிருந்து வந்தது? ஃபிராய்ட் தன் நோயாளிகளுக்கு ஆளுக்குத் தினம் ஒரு மணி நேரம் ஒதுக்கினார். அது 50 ஆகி 45 ஆனது கணக்கு எழுதும் வசதிக்காக என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அமெரிக்காவில் காப்பீட்டு பில் போடுவதற்கு எண்கள் வைத்திருக்கிறார்கள். பேச்சுச் சிகிச்சை 38 நிமிடத்திலிருந்து 52 நிமிடம் வரை எவ்வளவு நடந்தாலும் "45 நிமிடம்" என்று ஓர் எண். 53-க்கு மேல் போனால் "60 நிமிடம்" என்று ஓர் எண். இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. எங்கள் ஆபீசில் பயணப்படி பில்லில் அரை நாள், முழு நாள் என்று போடுவதைப் போலவே இருக்கிறது. ஒரு மனிதன் தன் வாழ்க்கையின் மிகக் கொடுமையான பத்து நிமிடத்தைச் சொல்லி முடிப்பதற்கும் இந்தக் கட்டத்துக்கும் என்ன சம்பந்தம்?

மனக்காயத்துக்கு என்றே உண்டாக்கிய சிகிச்சை முறைகளைப் பார்த்தால் அவற்றை அமைத்தவர்கள் நேரத்தைப் பற்றி யோசித்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. அமெரிக்காவில் எட்னா ஃபோவா என்கிற அம்மையார் உருவாக்கிய முறையில் ஓர் அமர்வு 90 நிமிடம். மொத்தம் 8 முதல் 15 அமர்வுகள். கண்ணை மூடிக்கொண்டு, நடந்ததை இப்போது நடப்பதுபோல் சொல்ல வேண்டும். ஒரு முறை சொல்லி முடித்ததும் மறுபடி முதலிலிருந்து. இப்படி அரை மணி, முக்கால் மணி நேரம். நடுநடுவே, 0-க்கும் 100-க்கும் இடையில் இப்போது பயம் எத்தனை என்று கேட்டுக் குறித்துக்கொள்வார்கள். அது முடிந்த பிறகு உடனே எழுப்பி அனுப்புவதில்லை. இருவரும் உட்கார்ந்து, சொல்லும்போது என்ன தோன்றியது என்று நிதானமாகப் பேசுவார்கள். பேசியதைப் பதிவு செய்து வீட்டில் தினமும் கேட்கச் சொல்வார்கள். கண்ணை இருபுறமும் அசைக்க வைத்துச் செய்கிற இன்னொரு முறைக்கும் ஓர் அமர்வு 60 முதல் 90 நிமிடம்.

பிரிட்டனில் அரசு மருத்துவச் சேவைக்கு வழிகாட்டுகிற நைஸ் என்கிற அமைப்பு 2005-ல் இதை எழுத்திலேயே போட்டது. நடந்த துயரத்தைப் பற்றிப் பேசுகிற அமர்வுக்கு வழக்கத்தைவிட நீண்ட நேரம், உதாரணமாக 90 நிமிடம், பொதுவாகத் தேவைப்படும் என்று. அரசாங்கக் காகிதத்தில் இவ்வளவு நேராக ஒரு வாக்கியம் வருவது அபூர்வம்.

இதற்கு எதிர்க்கட்சியும் உண்டு. 2015-ல் இஸ்ரேலில் ஒரு சிறிய ஆய்வு செய்தார்கள். அதே ஃபோவா முறையை ஒரு பிரிவினருக்கு 90 நிமிடமாகவும் ஒரு பிரிவினருக்கு 60 நிமிடமாகவும் கொடுத்துப் பார்த்தார்கள். 60 நிமிடக்காரர்களும் அதே அளவு தேறினார்கள். பயம் அந்த அமர்விலேயே இறங்கித்தான் ஆக வேண்டும் என்று முன்பு நினைத்தது முழுவதும் சரியில்லை, நாளுக்கு நாள் இறங்கினால் போதும் என்று இப்போது சொல்கிறார்கள். என் கட்சிக்கு இது பாதகமான செய்திதான். மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் நம் ஊர் நிலைமையில் இதை வைத்துப் பாருங்கள். ஓர் அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு இன்னொரு உறவினருடன் போயிருக்கிறேன். ஓ.பி. சீட்டு வாங்கி, டோக்கன் வாங்கி, எங்கள் எண் 57. மருத்துவர் எங்களுக்குக் கொடுத்தது ஏழெட்டு நிமிடம். அதே அறையில் மறு மேசையில் இன்னொரு மருத்துவர், இன்னொரு குடும்பம். கதவு திறந்தே இருந்தது. அந்த மருத்துவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, அவர் காபிகூடக் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார். 60 போதுமா 90 வேண்டுமா என்பது இஸ்ரேலில் நடக்கிற வழக்கு. நம்முடைய வழக்கு 8 நிமிடத்துக்கும் 60 நிமிடத்துக்கும் இடையே. 60 என்று தீர்ப்பு வந்தாலும் நான் கையெழுத்துப் போடத் தயார்.

நம் ஊர்க்காரர்களுக்கு இந்த நோய் புதிது இல்லை. என் பெரியப்பா ஒரு சொல்தா. புதுச்சேரியில் நம் வயதுக்காரர்களுக்குச் சொல்தா என்றால் விளக்கம் தேவையில்லை. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாவுக்குப் போனார், பிறகு அல்ஜீரியா. திரும்பி வந்தபோது கிராமபோன், தொப்பி, பென்ஷன் எல்லாம் வந்தன. தூக்கம் மட்டும் வரவில்லை. தீபாவளிக்கு முதல் வெடி வெடித்ததும் உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். பிள்ளைகள் எங்களுக்கு அது வேடிக்கை. வேண்டுமென்றே அவர் ஜன்னல் பக்கம் போய் வெடிப்போம். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

அவர் ஒரே ஒரு முறை பேசிக் கேட்டிருக்கிறேன். எனக்கு அப்போது பதிமூன்று பதினான்கு வயது இருக்கும். புயல் மழை, கரண்ட் இல்லை. சிம்னி விளக்கைச் சுற்றி எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். சாப்பாடு முடிந்த நேரத்தில் பேச ஆரம்பித்தார். பாதி பிரெஞ்சு, பாதி தமிழ். முத்தியால்பேட்டைப் பையன் ஒருவன் அவருடன் இருந்திருக்கிறான். ஓர் ஆற்றைக் கடக்கும்போது என்ன நடந்தது என்பதைச் சொன்னார். நேராகச் சொல்லவில்லை. கப்பலில் போட்ட ரொட்டி, காலில் அட்டை கடித்தது, அந்தப் பையனுக்கு அவன் அம்மா அனுப்பிய ஊறுகாய் என்று எங்கெங்கோ போனார். நடுவில் வெகு நேரம் பேசாமல் இருந்தார். மழைச் சத்தம் மட்டும். ஆயா ஒரு வார்த்தை கேட்கவில்லை, வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தாள். அம்மா எழுந்து என்னைப் படுக்கப் போகச் சொல்லக் கையைத் தூக்கினாள், ஆயா கண்ணால் தடுத்தாள். ஆறு வந்தபோது நடுநிசி தாண்டியிருக்கும். அதன் பிறகும் நெடுநேரம் பேசினார். முடிந்ததும் ஆயா அவர் தலையைத் தடவிவிட்டு, "படுடா" என்றாள். மறுநாள் பகல் வரை தூங்கினார்.

அதோடு அவர் குணமாகிவிட்டார் என்று எழுத ஆசைதான். ஆகவில்லை. அடுத்த தீபாவளிக்கும் கதவைச் சாத்திக்கொண்டார். வீட்டுப் பேச்சு சிகிச்சை ஆகாது, அந்தக் காலத்துத் திண்ணை இருந்தால் மருத்துவரே வேண்டாம் என்று சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் ஒன்று நடந்தது. அந்த மழைக்குப் பிறகு, அதுவரை முத்தியால்பேட்டைப் பக்கமே போகாதவர், அந்தப் பையனின் அம்மாவைப் போய்ப் பார்த்தார். பிறகு ஒவ்வொரு நவம்பர் 11-ம் தேதியும் போர் நினைவுச் சின்னத்துக்குப் போகும் வழியில் அந்த வீட்டுக்குப் போய்விட்டுத்தான் போவார். கேட்க ஓர் இரவு முழுவதும் இருந்ததால்தான் அவரால் ஆறு வரை வந்துசேர முடிந்தது. யாராவது பத்து மணிக்கு, "மீதி நாளைக்கு" என்று சொல்லியிருந்தால் அந்த நாளை வந்திருக்காது.

அவர் காகிதங்களை ஒழுங்கு செய்து வைத்தவன் நான், வீட்டில் பிரெஞ்சு எழுதத் தெரிந்தவன் என்பதால். ராணுவக் காயங்களுக்கான பிரெஞ்சு விதிகளில் கைக்கு எத்தனை சதவீதம், காலுக்கு எத்தனை, கண்ணுக்கு எத்தனை என்று பட்டியல் உண்டு. போரில் மனதுக்குப் பட்ட அடிக்கு முறையாக வழிகாட்டுகிற ஆணை 1992 ஜனவரி 10 அன்றுதான் வந்தது. பெரியப்பா 1987-லேயே போய்விட்டார். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் இந்த நோய்க்குத் தன் கையேட்டில் பெயர் கொடுத்ததே 1980-ல், வியட்நாமிலிருந்து திரும்பிய சிப்பாய்களைப் பார்த்த பிறகு. அதே இந்தோசீனா மண். முதலில் போய் வந்தவர்களில் எங்கள் தெருக்காரர்களும் உண்டு.

இனி என் சொந்தக் குற்றத்துக்கு வருகிறேன். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. காரைக்கால் கடலோரத்தில் கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி எல்லாம் அலையில் அடிபட்டன. சில நாள் கழித்து எங்களில் சிலரை நிவாரணப் பட்டியல் எழுத அங்கே அனுப்பினார்கள். ஒரு மேசை, ஒரு நாற்காலி, கட்டம் போட்ட காகிதம். எதிரே வரிசை. ஒரு பெண் வந்து நின்றார். முப்பது வயதுக்குள் இருக்கும். நான் பெயரைக் கேட்டேன். அவர், "கையப் புடிச்சிக்கிட்டுத்தான் சார் இருந்தேன்" என்று ஆரம்பித்தார். என் கண் அவருக்குப் பின்னால் நின்ற வரிசைக்குப் போயிற்று. "அம்மா, பேரு, வயசு, ரேஷன் கார்டு நம்பர், இத மட்டும் சொல்லுங்க. பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க" என்றேன். சொன்னார். கைநாட்டு வைத்தார். போய்விட்டார்.

நான் செய்தது தவறா என்று இருபது வருடமாக யோசிக்கிறேன். அந்த இடத்தில் அவர் முழுக் கதையையும் சொல்லியிருந்தால் நல்லதா என்றால், இல்லை என்றுதான் இப்போது படித்ததிலிருந்து தெரிகிறது. பேரிடர் நடந்த உடனேயே ஆட்களை உட்கார வைத்து, நடந்ததை எல்லாம் ஒரே தடவையில் சொல்ல வைக்கிற வழக்கம் உலகமெங்கும் ஒரு காலத்தில் இருந்தது. 2002-ல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பிற்பாடு நோய் வருவதை அது தடுக்கவில்லை என்று கண்டார்கள். சிலருக்குக் கெடுதலாகக்கூட முடிந்திருக்கிறது. முதல் வாரத்தில் வேண்டியது சோறு, படுக்க இடம், காணாமல் போனவர்களைப் பற்றிய நிச்சயமான செய்தி, கூடவே இருக்க ஒரு தெரிந்த ஆள். தானாகச் சொன்னால் கேட்பது, தோண்டாமல் இருப்பது. அதனால் நீண்ட அமர்வு வேண்டும் என்று நான் சொல்வது அந்த முதல் வாரத்துக்கு அல்ல. மாதங்கள் கழித்தும் யாருக்குத் தூக்கம் வரவில்லையோ, யார் கடற்கரைப் பக்கம் திரும்புவதில்லையோ, அவர்களுக்கு. அந்தப் பெண்ணுக்கு அன்று தேவைப்பட்டது ஓரமாக ஒரு நாற்காலி. மூன்று மாதம் கழித்துத் தேவைப்பட்டது ஒன்றரை மணி நேரம். நாற்காலியை நான் போட்டிருக்கலாம். ஒன்றரை மணி நேரம் அவருக்குக் கிடைத்ததா என்று நான் விசாரிக்கவே இல்லை.

எழுத்தராக இருந்தவனுக்குத் தெரிந்த ஒரு விஷயம் இருக்கிறது. எதற்குக் கட்டம் இருக்கிறதோ அதுதான் நடக்கும். மாத அறிக்கை என்று நாங்கள் தயாரிப்பது எல்லாம் தலைக்கணக்கு. புதியவர் எத்தனை, பழையவர் எத்தனை, ஆண், பெண், கூட்டுத்தொகை. சென்ற மாதத்தைவிடக் குறைந்தால் மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டுக் காகிதம் வரும். ஒரு பிற்பகலில் இரண்டு பேரை மட்டும் பார்த்த ஓர் ஆலோசகர் அந்த அறிக்கையில் சோம்பேறி. அறுபது பேருக்கு மாத்திரை எழுதியவர் கெட்டிக்காரர். நிமிடத்துக்குக் கட்டம் கிடையாது. முடித்துவிட்டு இனி வரத் தேவையில்லை என்று போனவர்களுக்கும் கட்டம் கிடையாது. இதை நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை, என் கையாலேயே எத்தனையோ துறைக்கு அப்படிப்பட்ட அறிக்கை தட்டச்சு செய்திருக்கிறேன்.

ஆகவே நான் கேட்பது சிறியது. மாவட்ட மருத்துவமனைகளில் மனநலப் பிரிவில் வாரத்தில் ஒரு பிற்பகல், இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை, ஓ.பி. கூட்டம் இல்லாத நேரம், இரண்டே பேர். கதவு சாத்தக்கூடிய ஓர் அறை. ஒரு தண்ணீர் ஜாடி. அமர்வு முடிந்த பிறகு உடனே தெருவில் விடாமல் கொஞ்ச நேரம் உட்கார ஓர் இடம். மாத அறிக்கையில் "நீள் அமர்வு" என்று ஒரு புதுக் கட்டம், ஒன்றைச் சாதாரண எட்டு வருகைக்குச் சமமாக எண்ணுவது என்று ஒரு குறிப்பு. இந்தக் கடைசி விஷயத்துக்கு ஒரு சுற்றறிக்கை போதும், நிதித்துறைக்குக் கோப்பு போக வேண்டியதில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாரம் இரண்டு இடம், வருடத்துக்கு 50 வாரம், 100 அமர்வு. ஒருவருக்குப் பத்து அமர்வு என்றால் வருடத்துக்குப் பத்துப் பேர். பத்துப் பேர்தானா என்று கேட்பீர்கள். ஆமாம், பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரும் இப்போது மாதாமாதம் அதே வரிசையில் நின்று தூக்க மாத்திரை வாங்கிக்கொண்டு போகிறார்கள், ஐந்து வருடமாக, பத்து வருடமாக. அவர்களுக்கு ஆகிற நிமிடத்தையும் கூட்டிப் பாருங்கள்.

"ஆள் எங்கே?" என்பது அடுத்த கேள்வி. நியாயமான கேள்வி. ஒரு லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாடு நம்முடையது. ஆனால் எல்லாவற்றையும் மருத்துவரே செய்ய வேண்டியதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2016-ல் ஒரு கையேடு வெளியிட்டது. கஷ்ட காலத்தைக் கடந்து வந்து மனம் சோர்ந்தவர்களுக்கு ஐந்து வாரம், வாரம் ஓர் அமர்வு. அமர்வு 90 நிமிடம். நடத்துகிறவர்கள் மருத்துவர்கள் அல்ல, பயிற்சியும் மேற்பார்வையும் பெற்ற சாதாரண ஆட்கள். பாகிஸ்தானில் பெஷாவரில் இதைச் சோதித்துப் பலன் கண்டிருக்கிறார்கள். இது துயரக் கதையை மறுபடி மறுபடி சொல்ல வைக்கிற முறை இல்லை, அதற்கு இன்னும் தேர்ந்தவர்கள் வேண்டும். ஆனால் ஏழை ஊரில் 90 நிமிடம் கொடுக்க முடியாது என்கிற வாதம் இதோடு அடிபட்டுப்போகிறது.

காரைக்காலிலிருந்து புதுச்சேரிக்கு வந்து போவது இன்னொரு சங்கடம். 130 கிலோமீட்டர். ஒரு மணி நேரச் சிகிச்சைக்கு ஒரு முழு நாள், ஒரு நாள் கூலி. வாராவாரம் யார் வருவார்கள்? இதற்கும் ஒரு வழி இருக்கிறது. அமெரிக்க ராணுவத்தினரிடம் நடத்திய ஓர் ஆய்வு 2018-ல் வெளியானது. பத்து அமர்வுகளை எட்டு வாரத்துக்குப் பரப்பிக் கொடுத்தாலும், இரண்டே வாரத்தில் வேலை நாள்தோறும் கொடுத்தாலும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான் என்று கண்டார்கள். புதுச்சேரியில் இரண்டு வாரம் தங்க ஒரு சொந்தக்காரர் வீடு இல்லாத காரைக்கால் குடும்பம் எத்தனை?

நீளம் என்றாலே நல்லது என்று நினைத்துவிடவும் கூடாது. பயிற்சி இல்லாதவர்கள் மணிக்கணக்கில் கிளறினால் 45 நிமிடத்தைவிட அது ஆபத்து. மணிக்கு இவ்வளவு என்று வாங்குகிற இடத்தில் நேரம் தானாக நீளும், அதையும் பார்த்திருக்கிறேன். வயதானவர்களுக்கு வேறு தொல்லை. எனக்கு ஒன்றரை மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார சர்க்கரை அனுமதிக்காது. நடுவில் ஐந்து நிமிடம் விடுவதில் குற்றம் ஒன்றும் இல்லை.

தங்கை மகளுக்கு ஆறு மாதம் கழித்து வேறு ஓர் ஆலோசகர் கிடைத்தார், ஒரு பெண்மணி. முதல் நாளே நேரத்தைப் பற்றி அவர்தான் பேச்செடுத்தார். முதல் இரண்டு தடவை கதையைத் தொடவே இல்லை. மூச்சு விடுவது, பயம் ஏன் வருகிறது, என்ன செய்யப் போகிறோம் என்பதை விளக்கினார். மூன்றாவது தடவை, "இன்னைக்கு ஒன்றரை மணி நேரம். அவங்க வெளிய வந்ததும் உடனே எதுவும் கேக்காதீங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார்.

அன்று நான் தினசரியை முதல் பக்கத்திலிருந்து வரிவிளம்பரம் வரை படித்து முடித்தேன். எதிர்க் கடையில் இரண்டு டீ குடித்தேன். ஒரு மணி நேரம் ஆனபோது என் கண் பழக்கத்தில் கதவுக்குப் போனது, கதவு திறக்கவில்லை. இன்னும் அரை மணிக்கு மேல் ஆயிற்று. முகம் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள். கண் சிவந்திருந்தது, ஆனால் நடை சீராக இருந்தது. நான் எதுவும் கேட்கவில்லை. பேருந்து நிறுத்தம் வரை நடந்தோம். அங்கே வந்ததும் அவளே, "பங்க் தாண்டிட்டேன் மாமா. ஆஸ்பத்திரி வரைக்கும் போயிட்டு வந்துட்டேன்" என்றாள்.

மொத்தம் பதினோரு தடவை போனோம். லாரி ஹாரனுக்கு இப்போதும் திடுக்கிடுகிறாள், ஆனால் நிற்பதில்லை. சென்ற பொங்கலுக்கு மரக்காணத்தில் இருக்கும் மாமியார் வீட்டுக்குக் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகத்தான் போனாள். பேருந்தில் ஜன்னல் பக்கம் என்னை உட்காரச் சொன்னாள். அந்த பெட்ரோல் பங்க் வந்தபோது கையை நீட்டி எனக்குக் காட்டினாள்.